அமெச்சூர் பூல் வீரர்களுக்கான வட்டார ஹேண்டிகேப் தொடர்: எந்த அமைப்பைத் தேர்வது?

வெவ்வேறு ஊர்களில் உள்ள பூல் கூடங்களை ஒரே தொடரில் இணைத்து, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் கியூவைக் கையில் எடுப்பவர்களுக்காகப் போட்டிகள் நடத்த முன்வருகிறவர், தொடக்கத்திலேயே நான்கு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. ஆட்டக்காரர்களின் திறமை வேறுபாட்டை எந்த ஹேண்டிகேப் (பலவீனமானவருக்குத் தரும் சலுகை) முறையால் ஈடுகட்டுவது, எயிட் பால், நைன் பால், டென் பால் ஆகிய பூல் ஆட்ட வகைகளில் எதை ஆடுவது, ஒரு நாள் போட்டியை எந்த வடிவத்தில் நடத்துவது, பரிசுத் தொகையையும் தொடர்ப் புள்ளிகளையும் எப்படிப் பங்கிடுவது என்பவை அவை. தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும், முதலாவதற்குச் சொல்லும் விடையே மற்ற மூன்றின் விடைகளையும் பெருமளவு கட்டுப்படுத்துகிறது. தோற்றவர் வீட்டுக்குப் போகும் வழியில் "நான் சரியாக ஆடவில்லை" என்று நினைத்தால் அடுத்த மாதம் திரும்பி வருவார். "அவருக்குக் கொடுத்த சலுகையே தவறு" என்று நினைத்தால் வரமாட்டார். ஆகவே இக்கட்டுரை ஹேண்டிகேப் கேள்வியில் நெடுநேரம் நின்று, மற்றவற்றை அதை ஒட்டியே எடைபோடுகிறது.

பந்துகளை ஒருமுறை அடுக்கி, உடைத்து, ஒருவர் வெல்லும் வரை ஆடுவதை ரேக் என்றும், குறித்த எண்ணிக்கை ரேக்குகளை முதலில் எடுப்பவருக்கு வெற்றி என்று வைத்து இருவர் மோதுவதை ஆட்டம் என்றும் இங்கே சொல்கிறேன். 7–4 ஆட்டம் என்றால், வலுவானவர் 7 ரேக் எடுக்க வேண்டும், மற்றவர் 4 எடுத்தால் போதும்.

ஹேண்டிகேப் வேண்டுமா, பிரிவுகள் போதுமா

ஹேண்டிகேப்பே இல்லாமல், ஆட்டக்காரர்களை இரண்டு அல்லது மூன்று தரப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சரிநிகராக ஆடவிடுவது எளிய மாற்று வழி. இதில் சலுகைக் கணக்கு இல்லை, வென்றவரின் வெற்றியைக் குறைத்துப் பேச எவருக்கும் இடமில்லை. ஆனால் 32 பேர் வரும் தொடரை மூன்றாகப் பிரித்தால் பிரிவுக்குப் பத்துப் பதினொரு பேரே மிஞ்சுவார்கள். இரண்டாவது மாதத்திலேயே அதே முகங்கள் அதே முகங்களோடு மோதத் தொடங்குவார்கள். பிரிவின் விளிம்பில் நிற்பவரை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்ற தகராறும் அப்படியே இருக்கும், ஏனென்றால் பிரிப்பதற்கும் ஏதோ ஒரு தரக் கணக்கு வேண்டும். நூறு பேருக்கு மேல் நிச்சயமாக வருவார்கள் என்றால் பிரிவுகளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்குக் குறைந்த எண்ணிக்கையில் ஹேண்டிகேப்பே பொருத்தம். புதிதாக வந்தவர் வட்டாரத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு எதிராக உண்மையான வாய்ப்போடு மேசைக்கு வருவது அதில் மட்டுமே நடக்கும்.

எழுத்துத் தரம், இன்னிங்ஸ் கணக்கு, ரேக் கணக்கு

பழகிய முறை, ஆட்டக்காரர்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, தரத்துக்கு இத்தனை ரேக் சலுகை என்று வைப்பது. ஒரு தாளும் பேனாவும் போதும், எல்லோருக்கும் ஒரே நொடியில் புரியும், எந்த நிறுவனத்தையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை. இதன் குறை விளிம்பில் இருக்கிறது. தரத்துக்கு இரண்டு ரேக் சலுகை என்று வைத்துக்கொள்வோம். பி தரத்தவர் ஒருவரும் சி தரத்தவர் ஒருவரும் 7–5 ஆட்டம் ஆடுகிறார்கள். பி தரத்தின் கடைசியில் இருப்பவரும் சி தரத்தின் உச்சியில் இருப்பவரும் உண்மையில் சமமானவர்கள், ரேக்குக்கு ரேக் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால், பி தரத்தவர் அந்த ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 27 விழுக்காடுதான். அதே 7–5 ஆட்டத்தை பி தரத்தின் உச்சியில் இருப்பவரும் சி தரத்தின் அடியில் இருப்பவரும் ஆடினால், முன்னவர் ஐந்து ரேக்கில் நான்கை எடுக்கக்கூடியவர் என்றால், அவருடைய வாய்ப்பு 95 விழுக்காடு. ஒரே தாளில் எழுதிய ஒரே சலுகை, ஒருவரைப் பலியாக்குகிறது, மற்றொருவருக்கு வெற்றியைக் கையில் கொடுத்துவிடுகிறது. தரங்களைக் கூட்டி ஏ-பிளஸ், பி-பிளஸ் என்று நுணுக்கினால் இந்த இடைவெளி சுருங்கும். ஆனால் யாரை எதில் வைப்பது என்பது அப்போதும் போட்டி நடத்துபவரின் கண்மதிப்பாகவே இருக்கும், அந்தக் கண்மதிப்பு அவர் தினமும் பார்க்கும் சொந்தக் கூடத்து ஆட்களைப் பற்றியதாக இருக்கும். பல ஊர்களை இணைக்கும் தொடருக்கு அது பெரிய பலவீனம்.

இரண்டாவது வகை, இன்னிங்ஸ் (ஒருவர் மேசைக்கு வந்து தவறும் வரை ஆடும் ஒரு முறை) அடிப்படையிலானது. அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன் நடத்தும் லீக்குகளில் ஈக்வலைசர் என்ற முறை இருக்கிறது. அதில் எயிட் பாலுக்கு 2 முதல் 7 வரையும், நைன் பாலுக்கு 1 முதல் 9 வரையும் திறன் நிலைகள் உண்டு. நைன் பாலில் ரேக்குகளை எண்ணுவதற்குப் பதில் பந்துக்கு ஒரு புள்ளி, ரேக்கை முடித்துவைக்கும் ஒன்பதாம் பந்துக்கு இரண்டு புள்ளி என்று எண்ணுகிறார்கள். நிலை 1-இல் இருப்பவர் 14 புள்ளி எடுத்தால் போதும், நிலை 9-இல் இருப்பவர் 75 எடுக்க வேண்டும். புள்ளி எண்ணும் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆறு பந்துகளை அழகாகப் போட்டுவிட்டு ஏழாவதில் தவறிய தொடக்கநிலையாளருக்கு அந்த ஆறும் கணக்கில் சேருகின்றன. ரேக் கணக்கில் அவருக்குக் கிடைப்பது பூஜ்யம். ஆனால் திறன் நிலையைக் கணக்கிட, ஒருவர் எத்தனை இன்னிங்ஸ் எடுத்துக்கொண்டார், எத்தனை முறை வேண்டுமென்றே தற்காப்பாக ஆடினார் என்று குறிக்க வேண்டும். இதில்தான் சிக்கல். வெல்வது உறுதி என்று தெரிந்தவர், ஒன்பதாம் பந்தைப் பாக்கெட்டின் வாயில் வைத்துக்கொண்டு இரண்டு முறை கூடுதலாகத் தவறவிட்டு, இன்னிங்ஸைப் பெருக்கிக்கொண்டு, ஆட்டத்தையும் வெல்லலாம். வெற்றி இவருக்கு, தரம் குறைந்தது போன்ற தோற்றமும் இவருக்கு. குறிப்பேட்டில் ஆட்டம் எழுதுபவர் கண்காணித்தால்தான் இதைத் தடுக்க முடியும். நீண்ட ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகலில் அந்தக் கண்காணிப்பை எல்லா மேசையிலும் எதிர்பார்ப்பது கடினம். மேலும் இந்த முறை அந்தச் சங்கத்தின் லீக் அமைப்புக்கு உரியது. வெளியே தனியாகத் தொடர் நடத்துபவர் அதன் வடிவத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே தவிர, அதன் தரவை எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது வகையில், யார் யாரிடம் எத்தனை ரேக் வென்றார், எத்தனை தோற்றார் என்பது மட்டுமே கணக்கு. அர்பாட் ஏலோ சதுரங்கத்துக்கு வகுத்து, பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்ட தரப்புள்ளி முறையை ஒரு விரிதாளில் போட்டு நாமே நடத்தலாம். பல கூடங்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. செலவில்லை, முழுக் கட்டுப்பாடும் நம்மிடம் இருக்கிறது. இதன் குறை, ஒரு கூடத்தின் எண்கள் அந்தக் கூடத்துக்குள் மட்டுமே பொருள் உள்ளவை என்பது. ஒரு ஊரில் 1600 புள்ளி வைத்திருப்பவரும் மற்றோர் ஊரில் 1600 வைத்திருப்பவரும் பொதுவான எதிராளிகளை ஒருபோதும் சந்திக்கவில்லை என்றால், அந்த இரண்டு எண்களும் ஒரே எண்ணாக எழுதப்பட்டிருப்பது தற்செயலே. தொடர் ஓராண்டு ஓடி, ஊர்கள் கலந்த பிறகுதான் அளவுகோல் சமமாகும். அந்த ஓராண்டில்தான் தொடரின் பெயர் நிலைக்குமா கெடுமா என்பதும் முடிவாகும்.

ஃபார்கோரேட் என்ற தரப்புள்ளி அமைப்பு இதே அடிப்படையை உலக அளவில் செய்கிறது. மைக் பேஜ் உருவாக்கிய இந்த முறையில், தொழில்முறை வீரர் முதல் உள்ளூர் லீக் ஆட்டக்காரர் வரை எல்லோரும் ஒரே அளவுகோலில் இருக்கிறார்கள். இருவருக்கும் இடையே 100 புள்ளி வேறுபாடு என்றால், மேலே இருப்பவர் ஒவ்வொரு ரேக் தோற்கும்போதும் இரண்டு ரேக் வெல்வார் என்று பொருள். 200 புள்ளி என்றால் நான்குக்கு ஒன்று. உலகின் முன்னணி வீரர்கள் 800-க்கு மேலே நிற்கிறார்கள். ஒருவருடைய எண்ணை மட்டுமல்ல, அது எத்தனை ரேக்குகளின் அடிப்படையில் வந்தது என்பதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 200 ரேக் சேர்ந்தால்தான் அந்த எண் நிலைபெற்றதாகக் கொள்ளப்படுகிறது. ரேக் கணக்கில் தன் எண்ணைக் குறைத்துக்காட்ட விரும்புகிறவருக்கு ஒரே வழிதான் உண்டு: உண்மையாகவே ரேக்குகளைத் தோற்க வேண்டும். வென்றுகொண்டே பலவீனமாகத் தோன்ற இங்கே இடமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, புதிய வட்டாரத் தொடருக்கு நான் இதைத்தான் தேர்வேன். வெளி அமைப்பு ஒன்றைச் சார்ந்திருக்க வேண்டும், முடிவுகளை ஒழுங்காக அனுப்ப வேண்டும் என்ற சுமைகள் உண்மையானவையே. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் "அவரை ஏன் சி-யில் வைத்தீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் சுமையை விட அவை இலகுவானவை.

சலுகையை எவ்வளவு கொடுப்பது

முறையைத் தேர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: வேறுபாடு முழுவதையும் ஈடுகட்டுவதா, சிறிது குறைவாகவா? 100 புள்ளி வேறுபாடுள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். சலுகையே இல்லாமல் இருவரும் 7 ரேக் எடுக்க வேண்டும் என்றால், வலுவானவர் வெல்லும் வாய்ப்பு 90 விழுக்காட்டை ஒட்டி வரும். 7–5 என்றால் 71, 7–4 என்றால் 56, 7–3 என்றால் 38. அதாவது ஒரு ரேக்கைக் கூட்டுவதும் குறைப்பதும் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் புரட்டிவிடுகிறது. 200 புள்ளி வேறுபாட்டுக்கு 7–2 வைத்தால், வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வந்து நிற்கிறது. 7–3 வைத்தால் 74 ஆகிறது.

முழு ஈடு கொடுக்கும் தொடரில், பல ஆண்டுகள் உழைத்துப் பயிற்சி செய்தவருக்கும் மூன்று மாதத்துக்கு முன் கியூ வாங்கியவருக்கும் கோப்பை வாய்ப்பு ஒன்றே. கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் நல்ல ஆட்டக்காரர்கள் நாளடைவில் விலகிப்போவார்கள். முன்னேறுவதற்கும் எந்தத் தூண்டுதலும் இருக்காது. சலுகையை மிகவும் குறைத்தால் எதிர்த்திசையில் அதே விளைவு: கீழே இருப்பவர்கள் தாங்கள் பரிசுத் தொகைக்குப் பணம் கட்ட மட்டுமே வந்திருக்கிறோம் என்பதை விரைவில் புரிந்துகொள்வார்கள். வலுவானவருக்கு ஓர் ஆட்டத்தில் 53 முதல் 58 விழுக்காடு வரை வாய்ப்பு இருக்கும்படி ரேக் அட்டவணையை அமைப்பதே என் தேர்வு. அது சிறிய சாய்வாகத் தோன்றலாம், ஆனால் சுற்றுக்குச் சுற்று அது பெருகுகிறது. 32 பேர் மோதும் நாக்-அவுட்டில் ஐந்து ஆட்டங்களையும் வெல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் 56 விழுக்காடு உள்ளவருக்குக் கோப்பை வாய்ப்பு 5.5 விழுக்காடு, 44 உள்ளவருக்கு 1.6. முன்னவருக்கு உழைப்பின் பலன் மும்மடங்குக்கு மேல் கிடைக்கிறது, பின்னவரும் ஆட்டத்தில் இருக்கிறார்.

இதே பெருக்கம் மறுபக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவருடைய உண்மையான திறமை, தாளில் உள்ளதை விட 100 புள்ளி அதிகம் என்று கொள்வோம். தாளில் தனக்குச் சமமானவர்களோடு 7–7 ஆட்டங்களாகவே ஐந்தையும் ஆடுகிறார் என்றால், அவர் கோப்பையை எடுக்கும் வாய்ப்பு 58 விழுக்காடு. 32 பேர் கட்டணம் கட்டி வந்த போட்டியில், பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பை ஒருவரே எடுத்துக்கொள்கிறார். திறமையை மறைத்து ஆடுவது ஹேண்டிகேப் தொடர்களைக் கொல்லும் நோய் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது மிகையல்ல.

இதற்கு மருந்தாக மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. சந்தேகம் வந்தவுடன் போட்டி நடுவிலேயே தரத்தை உயர்த்துவது முதலாவது. அது விரைவானது, ஆனால் நன்றாக ஆடிய ஒரே காரணத்துக்காகத் தண்டிக்கப்பட்டதாக நேர்மையானவரும் உணர்வார் என்பதால், நிலைபெற்ற எண் உள்ள எவருக்கும் இதைச் செய்யக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருப்பேன். வென்றவருக்கு அடுத்த போட்டியில் தானாகவே சில புள்ளிகளை ஏற்றுவது இரண்டாவது. அது எளிது, ஆனால் அதிர்ஷ்டத்தால் வென்றவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. மூன்றாவது வழி கோல்ஃபிலிருந்து கடன் வாங்கத் தக்கது. 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், அண்மையில் ஆடிய 20 சுற்றுகளில் சிறந்த 8-இன் சராசரியை எடுக்கிறார்கள். கோல்ஃபில் ஹேண்டிகேப் எண் குறையக் குறையத் திறமை அதிகம். கடந்த ஓராண்டின் மிகக் குறைந்த ஹேண்டிகேப்பை விட 5 ஸ்ட்ரோக்குக்கு (அடிக்கு) மேல் எவருடைய ஹேண்டிகேப்பும் ஏற முடியாது. அதாவது ஒருவர் காட்டிய நல்ல ஆட்டம் மறக்கப்படுவதில்லை. பூல் தொடரில் இதற்கு நிகராக, ஒருவருடைய தரப்புள்ளி எவ்வளவு இறங்கினாலும், அந்தப் பருவத்தில் அவர் எட்டிய உச்சத்திலிருந்து 25 புள்ளிக்கு மேல் கீழே இறங்கியதாகத் தொடரின் சலுகைக் கணக்கில் கொள்ளப்படாது என்று விதி வைக்கலாம். வேண்டுமென்றே தோற்பதன் லாபத்தையே இந்த வரம்பு பறித்துவிடுகிறது. யாரையும் குற்றம் சாட்ட வேண்டிய தேவையும் வராது.

நைன் பால் ஏன்

எயிட் பால் எல்லோருக்கும் தெரிந்தது. புதியவர்களைக் கூட்டத்துக்கு இழுக்க அதற்கு இணையில்லை. டென் பாலில் எந்தப் பந்து எந்தப் பாக்கெட் என்று முன்கூட்டியே சொல்லி ஆட வேண்டியிருப்பதால் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு, ஆனால் தொடக்கநிலையாளர்கள் ஆடும்போது ரேக் முடியவே முடியாது. முதல் பருவத்துக்கு நான் நைன் பாலைத் தேர்வதன் காரணம், அது ஒரு மணி நேரத்தில் அதிக ரேக்குகளைத் தருகிறது என்பதே. சலுகையை ரேக் எண்ணிக்கையால் கொடுக்கும்போது, ஆட்டத்தில் எத்தனை ரேக் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் சலுகையை நுணுக்கமாகக் கொடுக்க முடியும். அதே 100 புள்ளி வேறுபாட்டுக்கு, நேரமில்லை என்று ஆட்டத்தை 4 ரேக்குக்குச் சுருக்கினால், 4–3 வைத்தால் வலுவானவருக்கு 68 விழுக்காடு, 4–2 வைத்தால் 46. நாம் விரும்பிய 53–58 எங்கும் அகப்படாது. எயிட் பாலில் பந்துகள் குவிந்து கிடந்து ரேக் இழுத்துக்கொண்டே போகும் நாளில், நடத்துபவர் ஆட்டங்களைச் சுருக்க நேரிடும். சுருக்கிய கணமே ஹேண்டிகேப்பின் துல்லியமும் போய்விடும்.

நைன் பாலின் குறை, குறிவைக்காமல் தற்செயலாக விழுந்த பந்தும் கணக்காவது. உடைக்கும்போதே ஒன்பதாம் பந்து விழுந்தால் ரேக் முடிந்தது என்ற வழக்கத்தை மட்டும் மாற்றி, விழுந்த ஒன்பதை மீண்டும் மேசையில் அதற்கெனக் குறித்த இடத்தில் வைத்து ஆடச் சொல்வது நல்லது. உடைக்கும் முறையில், வென்றவரே தொடர்ந்து உடைப்பதை விட மாறி மாறி உடைப்பதே ஹேண்டிகேப் தொடருக்கு ஏற்றது. 7–4 ஆட்டத்தில் நான்கு ரேக் தேவைப்படுபவர், எதிராளி ஐந்து ரேக் வரிசையாக எடுக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தால், அவருடைய கை ஆறிப்போயிருக்கும்.

மேசை அளவைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. 9 அடி மேசையில் ஆடும் பரப்பு 100-க்கு 50 அங்குலம். 7 அடி மேசையில் இடம் நெருக்கம், தூரம் குறைவு, நீண்ட ஷாட்களில் தடுமாறுபவருக்கு அது உதவும். தொடரின் எல்லாக் கூடங்களிலும் ஒரே அளவு இருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால், ஒரு போட்டிக்குள்ளாவது இரண்டு அளவுகளைக் கலக்காமல் இருக்க வேண்டும்.

ஒரு நாளின் வடிவம்

பூல் உலகில் வேரூன்றிப்போனது இரட்டை வெளியேற்ற முறை: ஒருமுறை தோற்றவர் தோற்றவர்களின் பக்கத்துக்குப் போவார், இரண்டாம் முறை தோற்றால் வெளியேறுவார். 32 பேருக்கு இதில் 62 அல்லது 63 ஆட்டங்கள். இதற்கு மாற்று, நான்கு பேர் கொண்ட எட்டுக் குழுக்கள் அமைத்து, குழுவுக்குள் எல்லோரும் எல்லோரையும் சந்தித்து, முதல் இருவர் நாக்-அவுட்டுக்குப் போவது. குழு ஆட்டங்கள் 48, பிறகு 16 பேர் நாக்-அவுட்டில் 15, ஆக மொத்தம் 63. எண்ணிக்கை ஒன்றே, நாள் மட்டும் ஒன்றல்ல.

எட்டு மேசைகள் உள்ள கூடத்தை எண்ணிப் பார்ப்போம். குழு முறையில் குழுவுக்கு ஒரு மேசை. ஓர் ஆட்டம் நடக்கும் நேரத்தை ஒரு வேளை என்று கொண்டால், ஆறு ஆட்டங்கள், ஆறு வேளைகள். பிறகு நாக்-அவுட்டில் எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என நான்கு வேளைகள். மொத்தம் பத்து. இரட்டை வெளியேற்றத்தில் முதல் சுற்றின் 16 ஆட்டங்களுக்கு இரண்டு வேளை, அடுத்த 16-க்கு இரண்டு என்று தொடங்கி, தோற்றவர்கள் பக்கத்தின் எட்டுச் சுற்றுகளும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக முடிய வேண்டியிருப்பதால், பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வேளைகள் ஆகின்றன. மேசைகளைக் கூட்டினாலும் இது பெரிதாகக் குறையாது. பதினாறு மேசைகள் இருந்தாலும் பத்து வேளைகளுக்குக் கீழே போக முடியாது, ஏனென்றால் பின்பகுதியில் ஒவ்வொரு ஆட்டமும் முந்தைய ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஒரே ஒரு மேசையில் விளக்கு எரிய, மற்ற ஏழு மேசைகளும் உறை போர்த்திக் கிடப்பதும், தோற்றவர்கள் பக்கத்திலிருந்து வந்து களைத்துப்போனவர் இறுதி ஆட்டத்தை ஒரு கடமையாக ஆடி முடிப்பதும் இந்த முறையில் வழக்கமான காட்சி.

தொலைவிலிருந்து பயணம் செய்து வருபவருக்கு இரட்டை வெளியேற்றத்தில் இரண்டு ஆட்டங்கள் உறுதி, குழு முறையில் மூன்று உறுதி. அதுவும் எப்போது என்று முன்கூட்டியே தெரியும். குழு ஆட்டத்தை 5 ரேக்குக்கு வைத்து நாக்-அவுட்டில் 7-க்கு உயர்த்தினால், நாள் ஒரு நியாயமான நேரத்தில் முடியும். 100 புள்ளி வேறுபாட்டுக்கு 5–3 வைத்தால் வலுவானவரின் வாய்ப்பு 57 விழுக்காடு வருகிறது, அது நாம் விரும்பிய எல்லைக்குள்ளேயே இருக்கிறது. 200 புள்ளி வேறுபாட்டில்தான் இடிக்கும்: 5–2 என்றால் 66, 5–1 என்றால் 33. இரண்டும் சரியில்லை, ஆனாலும் நாளின் கடைசியில் தீர்மானிப்பவை 7 ரேக் ஆட்டங்கள் என்பதால், 5–2 வைத்து இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

குழு முறைக்கும் தனக்கே உரிய நோய் ஒன்று உண்டு. முதல் இரண்டையும் தோற்றவருக்கு மூன்றாவது ஆட்டத்தில் அக்கறை இருக்காது. அவர் அலட்சியமாகத் தோற்றால் மற்றொருவருடைய இடம் பறிபோகும். சமநிலை வந்தால் வென்ற ரேக்குகளின் விழுக்காட்டைப் பார்ப்பது என்று வைப்பதும், குழு ஆட்டத்தின் ஒவ்வொரு ரேக்கும் தரப்புள்ளியில் சேரும் என்பதை நினைவூட்டுவதும் ஓரளவு உதவும். முழுத் தீர்வு இதற்கு இல்லை. இருந்தும், மூன்று உறுதியான ஆட்டங்களும் முடியும் நேரம் தெரிந்த நாளும் என்ற இரண்டுக்காக நான் குழு முறையின் பக்கமே நிற்கிறேன்.

பணமும் புள்ளியும்

மேசைக் கட்டணத்தையும் நடத்தும் செலவையும் பரிசுத் தொகையிலிருந்து முதல் நாளிலேயே பிரித்து, எவ்வளவு கட்டுகிறோம், அதில் எவ்வளவு பரிசாகத் திரும்புகிறது என்பதைப் பதிவுத் தாளிலேயே அச்சிட வேண்டும். பரிசைப் பெரும்பாலும் முதலிடத்துக்கே குவிப்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் முதல் பரிசு எவ்வளவு பெரிதோ, திறமையை மறைப்பதன் கூலியும் அவ்வளவு பெரிது. 32 பேரில் எட்டுப் பேருக்குப் பங்கிட்டு, முதலிடத்துக்கு 28 விழுக்காடு, இரண்டாம் இடத்துக்கு 18, அரையிறுதியில் தோற்ற இருவருக்குத் தலா 12, காலிறுதியில் தோற்ற நால்வருக்குத் தலா 7.5 என்று வைப்பது எனக்கு ஏற்றதாகப் படுகிறது. ஆட்டக்காரர்களை ஏலம் விட்டு, வென்றவரை வாங்கியவருக்கு ஏலப் பணத்தைப் பங்கிடும் கல்கத்தா முறையை, பணம் சேரும் என்ற ஆசையில் பல போட்டிகள் இணைத்துக்கொள்கின்றன. அது பல இடங்களில் சட்டச் சிக்கலுக்கும் உரியது. அதைவிட, குறைத்து மதிப்பிடப்பட்ட ஆட்டக்காரரைத் தேடிப் பணம் கட்டும் கூட்டம் ஒன்றை அது தொடருக்குள் கொண்டுவருகிறது. முதல் பருவத்தில் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

தொடர்ப் புள்ளிகளைப் பொறுத்தவரை, எட்டுப் போட்டிகள் நடந்தால் எட்டையும் கூட்டுவது, தொலைவில் இருப்பவரையும் விடுப்பு கிடைக்காதவரையும் பாதியிலேயே வெளியே தள்ளிவிடும். சிறந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்று வார இறுதிகளைக் குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தவரும் கடைசிவரை போட்டியில் இருப்பார்.

பருவ இறுதிப் போட்டிக்குத் தகுதி கொடுப்பதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு தேவை. குழுச் சுற்றோடு வெளியேறுபவர் ஒரு நாளில் ஏறக்குறைய இருபது ரேக் ஆடுவார் என்றால், 200 ரேக் சேர்ந்து அவருடைய எண் நிலைபெறப் பத்துப் போட்டிகள் ஆகும். எட்டுப் போட்டிகள் கொண்ட முதல் பருவத்துக்குள் அது நடக்காது. அதனால், பங்கேற்கும் கூடங்களில் வாராவாரம் நடக்கும் லீக் ஆட்டங்களின் ரேக் முடிவுகளையும் அதே தரக் கணக்குக்கு அனுப்புவதாக அந்தக் கூடங்களிடம் தொடர் தொடங்கும் முன்பே உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். நான்கு போட்டிகளாவது ஆடாதவருக்கு இறுதிப் போட்டியில் இடமில்லை என்றும், எண் நிலைபெறாமல் இறுதிக்கு வருபவருக்கு நடத்தும் குழு தொடக்கத்தில் கொடுத்த மதிப்பீடு, அவர் ஆடிய ஆட்டங்களிலிருந்து வந்த எண் ஆகிய இரண்டில் எது உயர்ந்ததோ அதுவே பொருந்தும் என்றும் விதிப்புத்தகத்தில் முதல் போட்டிக்கு முன்னரே எழுதி வைக்க வேண்டும்.